போட்டிக்கு ஆளில்லாத தங்கமா? ஒல்கா கொட்டெல்கோவை முன்வைத்து

கேள்வி, ஜனவரி 13

"ஒல்கா கொட்டெல்கோ என்ற கனடியப் பாட்டி 750க்கும் அதிகமான தங்கப் பதக்கங்கள் வாங்கினார் என்று ஆளுக்கு ஆள் பகிர்கிறார்கள். 90 வயதுக்கு மேல் போட்டியிட எத்தனை பேர் வருவார்கள்? இரண்டு பேர் ஓடி ஒருவர் முதலில் வந்தால் அது சாதனையா? வயதுக்கு மரியாதை கொடுப்போம். சாதனை என்ற சொல்லை ஏன் வீணாக்க வேண்டும்?"

ஜனவரி 14, இரவு 9.40

படித்ததும் கோபம் வந்தது. ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டு எழுதுகிறேன்.

தம்பி, முதலில் அவர் யார் என்று பார்ப்போம். 1919 மார்ச் 2 அன்று சஸ்காச்சுவான் மாகாணத்தில் வொண்டா பக்கத்துப் பண்ணை ஒன்றில், உக்ரேனியக் குடியேறிகளின் பதினொரு பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தவர். பள்ளி ஆசிரியை. மணவாழ்க்கையை விட்டு வெளியேறி, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்து, இரண்டு மகள்களைத் தனியாக வளர்த்தார். வேலை பார்த்துக்கொண்டே படித்துப் பட்டமும் வாங்கினார். ஓய்வு பெற்றபின் சொஃப்ட்போல் விளையாடினார். மெய்வல்லுநர் போட்டிகளுக்கு வந்தபோது அவருக்கு வயது 77.

அதற்குப் பிறகு அவர் இறங்கிய துறைகளைச் சொல்கிறேன், எண்ணிக்கொள்ளுங்கள்: 100, 200, 400 மீட்டர் ஓட்டங்கள்; உயரம் பாய்தல், நீளம் பாய்தல், முப்பாய்ச்சல்; குண்டு, பரிதி வட்டம், ஈட்டி, சம்மட்டி, பாரம் (சம்மட்டியைவிடக் கட்டையான, கனமான எறிபொருள்) எறிதல். மொத்தம் பதினொன்று. ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்மணி.

இனி உங்கள் கேள்வி. 2009இல் சிட்னியில் நடந்த உலக மூத்தோர் விளையாட்டுகளில் 90 வயதில் 100 மீட்டரை 23.95 செக்கனில் ஓடினார். அதே போட்டியில் 80 முதல் 84 வயதுப் பிரிவின் இறுதி ஓட்டத்தில் ஓடிய சிலர் அவரைவிட மெதுவாகவே வந்தார்கள். தன் பிரிவில் எதிரே ஆள் இல்லை என்றால், இரண்டு பிரிவு தள்ளியிருப்பவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே சிட்னியில் ஈட்டியை அடுத்தவரைவிட 6 மீட்டருக்கு மேல் தூரம் எறிந்தார்.

ஜனவரி 14, இரவு 10.25

ஒரு பிழை. அந்த ஈட்டி எறிதல் சிட்னியில் நடந்ததல்ல. அதே 2009இல் பின்லாந்தின் லாஹ்ட்டி நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில். 23.95 சிட்னியில்தான். அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன்.

ஜனவரி 16

தம்பி பதில் எழுதியிருக்கிறார். "அடுத்தவரைவிட 6 மீட்டர் கூட எறிந்தார் என்றால் அடுத்தவர் போட்டிக்கு ஈடானவரே இல்லை என்றுதானே பொருள்? நீங்களே என் பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள்."

இதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாளாக யோசித்ததில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 750 என்ற எண்ணிக்கை உண்மையிலேயே அதிகம் எதையும் சொல்வதில்லை. ஒரே போட்டிக்குப் போய் பத்துத் துறைகளில் இறங்கினால், எதிரே ஆளில்லாத பிரிவில் பத்துத் தங்கம் கிடைக்கும். செய்திக்காரர்களுக்குப் பிடித்த எண் அது. நானும் அந்த எண்ணைக் காட்டியே பல பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

ஆனால் பதக்கம் வேறு, அளவு வேறு. செக்கனும் சென்ரிமீட்டரும் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று பார்ப்பதில்லை. அவர் பெயரில் முப்பதுக்கு மேற்பட்ட உலகச் சாதனைகள் பதிவாகின. அவை அந்த வயதுப் பிரிவில் அதற்கு முன் உலகில் யாரும் எட்டாத அளவுகள். அன்று மைதானத்துக்கு வராதவர்களையும் சேர்த்துத்தான் அவர் வென்றிருக்கிறார்.

ஜனவரி 17

தமிழ்நாட்டிலிருந்து இருவர் "பரிதி வட்டம் என்றால் என்ன, முப்பாய்ச்சல் எது" என்று கேட்டிருக்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்தில் படித்தவள். நீங்கள் வட்டு எறிதல் என்பதை நாங்கள் பரிதி வட்டம் என்போம். உங்கள் மும்முறை தாண்டுதல் எங்களுக்கு முப்பாய்ச்சல். நீங்கள் சங்கிலிக் குண்டு என்பது எங்கள் சம்மட்டி. தடகளம் முழுவதற்கும் எங்களிடம் மெய்வல்லுநர் போட்டி என்று பெயர். மெய்யில் வல்லவர். இதைவிட நல்ல சொல்லை நான் எந்த மொழியிலும் கேட்டதில்லை.

வருடத் தொடக்கத்தில் எங்கள் பள்ளியில், மாணவரை இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரித்து நடத்தும் இல்ல மெய்வல்லுநர் போட்டி வரும். நிறக் கடதாசி வெட்டி ஒட்டி இல்லம் சோடிப்போம். நான் குண்டு போடுவேன். பதினாறு வயதில் ஒரு ஆசிரியை "தோள் அகலித்துப்போகும், பிறகு வீட்டில் என்னைத்தான் ஏசுவார்கள்" என்று என் பெயரை வெட்டிவிட்டு, தேசிக்காயும் கரண்டியும் ஓட்டத்தில் போட்டார். அதில் முதலாவதாக வந்தேன். அந்தச் சான்றிதழைப் பார்க்கப் பிடிக்காமல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்தேன். பிறகு குண்டைத் தொட்டது 64 வயதில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில்.

ஜனவரி 21

முதல் பதிவில் பதினொரு துறை என்று எழுதியபோது ஏதோ சாமான் பட்டியல்போல் எழுதிவிட்டேன். இன்று பயிற்சிக்குப் போய்வந்தபின் அது போதாது என்று தோன்றுகிறது. ஒரு துறையை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன்.

சம்மட்டி என்பது ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் இரும்புக் குண்டு. மறுமுனையில் பிடி. என் வயதுப் பிரிவுக்கு 3 கிலோ. 75 தாண்டிய பெண்களுக்கு 2 கிலோ. இடது கையில் தோலுறை போட்டு, அதன்மேல் வலது கையைக் கோர்க்க வேண்டும். வட்டத்தின் குறுக்களவு 2.135 மீட்டர். வீட்டுக் குளியலறை அளவு. அதற்குள் நின்று தலைக்கு மேலாக இரண்டு தரம் சுழற்றி, பிறகு உடம்போடு சேர்ந்து சுற்ற வேண்டும். இடது குதிகாலில் திரும்பத் தொடங்கி விரல் பக்கம் உருட்டி முடிக்க வேண்டும். குண்டு வெளியே இழுக்கும். நாம் கதிரையில் உட்காருவதுபோல் பின்னால் சாய்ந்து அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்க வேண்டும். கையால் இழுத்தால் போயிற்று. குண்டு வலைக்குள் போய் விழும், நாம் எதிர்ப்பக்கம் தடுமாறுவோம்.

எனக்கு ஒரு சுற்று ஒழுங்காக வர ஏழு மாதம் எடுத்தது. தலை சுற்றி வலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. ஒல்கா தன் 77 வயதுக்குப் பிறகு இதைப் புதிதாகப் படித்தார். இதோடு பாரம் எறிதலையும் ஈட்டியையும் படித்தார். ஓடிவந்து பலகையில் சரியாகக் கால் வைத்து, அதே காலில் ஒருமுறை, மறுகாலுக்கு ஒரு எட்டு, பிறகு பாய்ச்சல் என்று முப்பாய்ச்சலையும் படித்தார். ஒவ்வொன்றும் உடம்புக்கு ஒரு புது மொழி. கண்டிப்பான ஒரு ஹங்கேரியப் பயிற்சியாளரிடம் வாரம் மூன்று நாள் போய்ப் பயின்றார் என்பதைப் படித்தபோதுதான் எனக்கு அவர்மேல் உண்மையான மதிப்பு வந்தது. பதக்கப் படங்களைப் பார்த்தபோது வந்தது வெறும் பிரமிப்பு.

ஜனவரி 28

இந்தியாவிலிருந்து ஒரு அம்மா மன் கௌரைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் தம்பியின் கேள்வி அங்கேதான் மிகக் கூர்மையாக நிற்கிறது. சண்டிகரைச் சேர்ந்த மன் கௌர் 93 வயதில் தொடங்கியவர். 2017இல் ஆக்லாந்தில் 101 வயதில் 100 மீட்டரை 74 செக்கனில் முடித்தார். நூறு வயதுப் பிரிவில் அவர் ஒருவர்தான். தங்கமும் அவருக்குத்தான். அந்தத் தங்கத்தைப் போட்டியின் பதக்கமாகப் பார்த்தால் தம்பி சொல்வது சரி. நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. 101 வயதில் தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோடுவரை ஓடிய ஒருவரின் நேரத்தை அதிகாரபூர்வமாகக் குறித்து வைத்தார்கள். அந்த நேரம் குறிப்பில் இருப்பதே எனக்குப் பெரிது.

இன்னொரு சங்கதி. 2022இல் பின்லாந்தின் தம்பரே நகரில் அரியானாவைச் சேர்ந்த பகவானி தேவி, 94 வயது, 100 மீட்டரை 24.74 செக்கனில் ஓடித் தங்கம் வாங்கினார். குண்டு எறிதலில் அவருக்கு வெண்கலம். வெண்கலம் என்றால் என்ன பொருள்? அந்த வயதில் அவரைவிடத் தூரம் எறிந்த இரண்டு பெண்கள் அங்கே இருந்தார்கள் என்று பொருள். ஆளே வருவதில்லை என்ற பேச்சு இங்கே நிற்காது. எல்லாரும் அவருடைய தங்கத்தைக் கொண்டாடினார்கள். எனக்கு அந்த வெண்கலத்தின்மேல்தான் கண்.

பெப்ரவரி 3

அறிவியல் பக்கம் கேட்டவர்களுக்கு.

மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒல்காவின் தொடைத் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். அந்த வயதில் தசையிழைகள் சிலவற்றிலாவது மைட்டோகாண்ட்ரியா (உயிரணுவுக்குச் சக்தி தரும் நுண்ணுறுப்பு) சிதைந்திருப்பது வழக்கம். ஏறத்தாழ 400 இழைகளைப் பார்த்தும் அப்படி ஒன்றுகூட அகப்படவில்லை. 93 வயதில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பெக்மன் நிறுவனத்தில் மூளையைப் படம்பிடித்தார்கள். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் வெண்ணிழைகளில் சில பகுதிகள், அறுபது எழுபது வயதுப் பெண்களோடு ஒப்பிட்டபோதும் நல்ல நிலையில் இருந்தன. நினைவுக்கு உதவும் பகுதி இளையவர்களுடையதைவிடச் சிறிதாகவே இருந்தது, ஆனால் அவருடைய வயதுக்கு எதிர்பார்த்ததைவிடப் பெரிது.

பெப்ரவரி 3, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் "ஓடினால் மூளை தேயாது" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரே ஒரு பெண்ணை வைத்துச் செய்த ஆய்வு. ஓடியதால் மூளை நன்றாக இருந்ததா, அப்படிப்பட்ட மூளையோடு பிறந்ததால் 77 வயதில் சம்மட்டி படிக்கத் தோன்றியதா என்று அந்தப் படம் சொல்லாது. என் தாயார் வாழ்நாள் முழுக்கக் கிணற்றில் தண்ணீர் இறைத்தவர், ஒரு மைல் நடந்து சந்தைக்குப் போனவர். 71 வயதில் என் பெயரை மறந்தார். உடம்பை அசைக்காததால் அவருக்கு அப்படி ஆயிற்று என்று யாராவது சொன்னால் நான் பொறுக்கமாட்டேன்.

பெப்ரவரி 4

சாப்பாடு கேட்டு மட்டும் ஒன்பது பேர். ஒல்கா எல்லாம் சாப்பிட்டார். அவுஸ்திரேலியாவின் ரூத் ஃபிரித் என்றொருவர், 2009இல் அதே சிட்னியில் நூறு வயதில் குண்டு எறிந்தவர். மரக்கறி பிடிக்காது, சாப்பிடுவதில்லை என்று பகிரங்கமாகவே சொன்னவர். இதற்கு மேல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பெப்ரவரி 11

ரொறன்ரோவுக்கு அருகிலுள்ள மில்ற்றனிலிருந்து ஒருவர், "எட் விட்லொக் எங்கள் ஊர்க்காரர். அவரை விட்டுவிட்டு இந்த அம்மாவையே பேசுகிறீர்களே" என்று உரிமையோடு கோபித்திருக்கிறார். நியாயம். 2004இல் ரொறன்ரோ மரதனை 73 வயதில் 2 மணி 54 நிமிடம் 48 செக்கனில் ஓடியவர் விட்லொக். வீட்டருகே இருந்த இடுகாட்டுக்குள் மணிக்கணக்காகச் சுற்றிச் சுற்றி ஓடித்தான் பயிற்சி. அந்த நேரத்தை இளவட்டங்களிலேயே பெரும்பாலானவர்களால் தொட முடியாது. போட்டிக்கு ஆளில்லை என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானோரோடு ஒரே தெருவில் ஓடினார்.

இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விட்லொக் ஒரே கிணற்றை ஆழமாகத் தோண்டியவர். ஒல்கா வளவு முழுக்கக் கொத்திப் பயிர் வைத்தவர். உடல் திறனை மட்டும் வைத்துக் கேட்டால் விட்லொக்கின் ஓட்டம்தான் பெரிது என்று இப்போது நினைக்கிறேன். முதல் பதிவு எழுதிய அன்று இதைச் சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் ஓடுகிற கால், பாய்கிற முழங்கால், எறிகிற தோள், சுற்றுகிற இடுப்பு என்று நான்கையும் 90க்கு மேல் சேர்த்துக் காப்பாற்றியது வேறு வகை வேலை. பாய்தலைக் கைவிடாமல் வைத்திருந்தது எனக்கு இன்னமும் விளங்காத அதிசயம். முதுமையில் முதலில் போவது அதுதான். பஸ்ஸிலிருந்து கடைசிப் படியைத் தாண்டிக் குதிக்காமல், கம்பியைப் பிடித்துக் காலை வைத்து இறங்கத் தொடங்கும் நாளை நம்மில் யாரும் குறித்து வைப்பதில்லை.

ரொறன்ரோக்காரர்களுக்கு ஒரு தகவல்: மூத்தோருக்கான முதல் உலக மெய்வல்லுநர் போட்டி 1975இல் நம் நகரத்தில்தான் நடந்தது.

பெப்ரவரி 25

நேற்று ஒரு உள்ளரங்கப் போட்டியில் அளவுநாடா பிடிக்கும் தொண்டு வேலை. நாடாவின் சுழியன் (0) பக்கத்தைக் குண்டு விழுந்த தடத்தில், வட்டத்துக்கு மிகக் கிட்டிய விளிம்பில் வைக்க வேண்டும். நாடாவை வட்டத்தின் நடுப்புள்ளிக்கு மேலாக இழுத்து, தடுப்புப் பலகையின் உள்விளிம்பில் வாசிக்க வேண்டும். நான் சுழியன் பக்கம்.

86 வயதுப் பெண்மணி ஒருவர். அவர் பிரிவில் வேறு யாரும் இல்லை. ஆகவே வட்டத்துக்குள் கால் வைத்த கணமே தங்கம் நிச்சயம். தம்பியின் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு அவரையே கவனித்தேன். கைத்தடியைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு வந்தார். உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தார். குண்டைக் கழுத்துக் குழியில் அழுத்தினார், கன்னம் மடிந்தது. முதல் எறி. அளவைச் சொன்னோம். முகம் சுருங்கியது. இரண்டாவது இன்னும் குறைவு. மூன்றாவதில் முந்தியதைவிட 11 சென்ரிமீட்டர் கூட. நாடா வாசித்தவரிடம் "சரியாகப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். திரும்பவும் அளந்தோம். அதே 11. தலையை ஆட்டிவிட்டு அடுத்த எறிக்கு வரிசையில் போய் நின்றார். அந்த வரிசையில் அவர் ஒருவர்தான்.

தங்கம் நிச்சயமான ஒருவருக்கு 11 சென்ரிமீட்டர் எதற்கு, தம்பி?

மார்ச் 2

இன்று ஒல்காவின் பிறந்தநாள். மூத்தோர் போட்டிகளில் பிறந்தநாளுக்குத் தனி மதிப்பு உண்டு. 35 வயதிலிருந்து ஐந்தைந்து வருடப் பிரிவுகள். 89 வயதுக்காரர் தன் பிரிவிலேயே ஆக முதியவர். 90 ஆனதும் அடுத்த பிரிவில் ஆக இளையவர். வெளியுலகில் வயது ஏறுவதை ஒளிக்கிறோம். இங்கே எங்கள் கூட்டத்தில் "எனக்கு வருகிற மாதம் எழுபது" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் பொறாமையோடு பார்ப்பார்கள்.

2014 மார்ச்சில் அவருக்கு 95 நிறைந்தது. அந்த மாதமே புடாபெஸ்ட் உலக உள்ளரங்கப் போட்டிக்குப் போய், 95 வயதுப் பிரிவில் ஓடி, பாய்ந்து, எறிந்துவிட்டு வந்தார். ஜூன் 24 அன்று, மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் இறந்தார். நோயில் கிடந்த காலம் மிகக் குறைவு. 2010 வன்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கின் தீபத்தை ஏந்தியவர்களில் அவரும் ஒருவர் என்பதையும் சொல்ல மறந்துவிட்டேன்.

மார்ச் 3

முதல் பதிவில் "தனியாக வளர்த்தார், பட்டம் வாங்கினார்" என்று ஒரே வரியில் தாண்டிப்போனேன் என்று மெல்போர்னிலிருந்து ஒரு அக்கா சுட்டிக்காட்டினார். சரிதான். 1950களில், கணவரில்லாத ஒரு பெண், பகலில் வகுப்பு, இரவில் படிப்பு, இடையில் சமையல். நான் இங்கே வந்த முதல் ஒன்பது வருடம் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடிப் படுப்பேன். அந்த வருடங்களில் யாராவது வந்து "வா, குண்டு போடலாம்" என்று அழைத்திருந்தால் சிரித்திருக்கக்கூட மாட்டேன். 77 வயதில் தொடங்கினார் என்பதை எல்லாரும் தாமதம் என்கிறார்கள். அவருக்கு நேரம் கிடைத்ததே அப்போதுதான்.

மார்ச் 10

தம்பியிடமிருந்து நேற்றிரவு தனிக் கடிதம். வெளியிட அனுமதி கேட்டேன், ஒரு பகுதியை மட்டும் எழுதலாம் என்றார். அவருடைய தாயாருக்கு 66 வயது. ஊரில் கல்லூரிக் காலத்தில் உயரம் பாய்ந்தவர் என்பது இந்த இழையைச் சத்தமாக வாசித்துக் காட்டியபோதுதான் தெரியவந்ததாம். எந்தக் காலால் எழும்புவீர்கள் என்று கேட்டதற்கு, அம்மா கூடத்தில் எழுந்து நின்று இரண்டு எட்டு ஓடி இடது காலைத் தட்டிக் காட்டினாராம்.

உயரம் பாய்தலுக்கு உடனே போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் ஆறு வாரம் நடையும் படியேற்றமும். வைத்தியரிடம் எலும்பின் உறுதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு மெத்தைமேல் கத்தரிப் பாய்ச்சல் (ஒரு காலின்பின் மறுகாலாகக் கம்பைத் தாண்டுவது), அதுவும் முழங்கால் உயரத்துக்கு. அதுவரை சனிக்கிழமை காலை 8 மணிக்கு எங்களோடு குண்டு போட வரலாம். 65 வயதுப் பிரிவுக்கு 3 கிலோ. என்னிடம் இரண்டு இருக்கின்றன.

சாதனை என்ற சொல்லைப் பற்றிய தன் கருத்தை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை என்றும் தம்பி எழுதியிருக்கிறார். சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிவரும்போது அவரே நாடாவைப் பிடிக்கட்டும். சுழியன் பக்கத்தில் நிற்கத்தான் எங்களுக்கு ஆள் குறைவு.